வாடிய முட்டைக்கோசே, வா

என் ஓட்ஸ் கஞ்சியில் கட்டி தட்டாது, திருமதி பார்ஜெட்டர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. டெஸ்மண்ட் வீட்டில், அதாவது என் வீட்டில், தங்கும் பாடகி மட்டும் ஜெயிப்பதே இல்லை, நான் கஞ்சியில் எதையோ கலக்கிறேன் என்று ஊரில் பேச்சு அடிபடுகிறதாம். உப்பைத் தவிர நான் எதையும் கலந்ததில்லை. நீங்கள் பாட்டுப் போட்டிக் குழுவின் தலைவி. விசாரிக்க வந்திருக்கிறீர்கள், நியாயம்தான். உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அது ஆளை விழுங்கும். போன மாதம் பாதிரியாரை இரண்டு பேர் சேர்ந்துதான் வெளியே இழுத்தோம்.

அந்தப் பாடகி ஹெஸ்டர் மூன்று வருடமும் தோற்றது தற்செயல் அல்ல. அதை மறைக்க எனக்கு ஆசையில்லை. எப்படி என்று மட்டும் கேளுங்கள். கேட்டால் நீங்களே சிரிப்பீர்கள்.

நான் ஓய்வு பெற்ற பல் வைத்தியன், தனிக்கட்டை. மாடியில் ஒரு காலி அறை, கூடத்தில் ஒரு பியானோ. போட்டிக்கு வரும் பிள்ளைகளைத் தங்கவைக்க நீங்கள் வீடு வீடாக ஏறி இறங்கினீர்களே, அப்போது நான் கை தூக்கியது அந்தப் பியானோவுக்கு ஏதாவது வேலை கிடைக்கட்டும் என்றுதான். வந்தவள் ஹெஸ்டர். கிரிம்ஸ்பி துறைமுகத்துக்காரி. அப்பா அங்கே மீன் சந்தையில் ஏலம் கூறுபவர். எனவே குரல் எங்கிருந்து வந்தது என்று யாரும் ஆராய வேண்டியதில்லை. வாசலில் நின்று அவள் "குட் மார்னிங்" சொன்னதற்கு அலமாரியில் இருந்த கண்ணாடித் தம்ளர்கள் பதில் சொல்லின.

முதல் குற்றவாளி உங்கள் விதி என்பேன். ஆங்கிலக் கவிதைக்கு மெட்டமைத்த பாட்டு, சரி. ஆனால் பாடுவதற்கு முன் அதே கவிதையை இசையில்லாமல் வெறுமனே பேசிக் காட்ட வேண்டும் என்று ஒன்று வைத்திருக்கிறீர்களே. பாடும்போது பியானோ கையைப் பிடித்து அழைத்துப்போகும். பேசும்போது நாக்கு நடுத்தெருவில் தனியாக நிற்கும். எந்த வண்டி முதலில் வருகிறதோ அதில் ஏறிவிடும்.

அந்த முதல் வருடம் அவள் எடுத்துக்கொண்ட கவிதை உங்களுக்கு நினைவிருக்கும். "மாலை வரும், மலையோரம் மணி ஒலிக்கும், வாடிய என் நெஞ்சே, வா, வீடு திரும்புவோம்." மாடியில் அவள் இதையே நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். கீழே நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். மனிதன் வெங்காயம் நறுக்கும்போது வாய் சும்மா இருக்குமா? "மாலை வரும், மலையோரம் பன்றி உறுமும், வாடிய முட்டைக்கோசே, வா, குழம்பில் குதிப்போம்."

மாடிப்படியில் தடதடவென்று சத்தம்.

"டெஸ்மண்ட்! என்ன அநியாயம் இது? மூணு மாசமா அழுது அழுது படிச்ச கவிதை."

"நானும் அழுதுக்கிட்டேதான் பாடுறேன். வெங்காயத்தைப் பாரு."

"வெட்கமே இல்லையா உங்களுக்கு?" என்றவள் கதவில் சாய்ந்து, "எங்க, இன்னொரு தரம் பாடுங்க," என்றாள்.

பாடினேன். கேட்டால் மறுக்கும் பழக்கம் எனக்கில்லை.

மேடையில் நடந்தது உங்களுக்கே தெரியும். கறுப்புப் பட்டில் நிமிர்ந்து நின்று, கண்ணில் நீர் மல்க, ராணியைப் போல அவள் முட்டைக்கோசை வீட்டுக்கு அழைத்தாள். நடுவரின் கண்ணாடி மடியில் விழுந்தது. நீங்களே கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டீர்கள். நான் பார்த்தேன்.

அன்று மாலை ஆற்றங்கரைச் சுவரில் உட்கார்ந்து காகிதப் பொட்டலத்தில் பொரித்த மீன் தின்றோம். அவள் அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்துச் செய்ததில் விக்கல் வந்தது.

"இந்த மீனு எங்க அப்பாவைப் பாத்தா வெட்கத்துல மறுபடியும் கடல்ல குதிச்சிடும்," என்றாள். "அடுத்த வருஷமும் வருவேன் டெஸ்மண்ட். உங்க வாயைத் தைச்சுட்டு ஜெயிச்சுக் காட்டுவேன்."

இதில் "அடுத்த வருஷமும் வருவேன்" என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

அந்தக் குளிர்காலம் முழுக்க யோசித்தேன். ஜெயித்தவர் மறுபடி போட்டியிட முடியாது, இதுவும் உங்கள் விதிதான். ஜெயித்தவர் லண்டன் போகிறார், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்புகிறார், பிறகு அதுவும் நின்றுபோகிறது. தோற்றவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருகிறார். ஒருவர் மேல் உண்மையான பிரியம் இருந்தால் அவருக்கு எதை விரும்புவோம், சொல்லுங்கள். நான் மாடியறைக்குப் புது மெத்தை வாங்கிப் போட்டேன்.

இரண்டாம் வருடம் அவள் புகைபோட்ட மீன் ஒரு கூடை கொண்டுவந்தாள். இரண்டு வாரம் என் வீட்டை மோப்பம் பிடித்தே கண்டுபிடிக்கலாம். வந்ததும் வராததுமாகச் சத்தியம் வாங்கினாள், சமையலறையில் பாடக்கூடாதென்று. சத்தியத்தை மீறவில்லை. சாப்பாட்டு மேசையில் பாடினேன். ஒரே ஒரு முறை, கடுகு விழுதை அவள் பக்கம் நகர்த்தும்போது, மெதுவாக. அவளுடைய கவிதை "கடலே, என் காதலனைக் கரையில் சேர்." என்னுடையது "கடுகே, என் கட்லெட்டைக் கரண்டியில் சேர்." முள்கரண்டியால் என் கையைக் குத்தினாள். தழும்பு இருக்கிறது, பாருங்கள். மேடையில் அவள் கடலைத் தப்பவிடாமல் பிடித்துவிட்டாள், கெட்டிக்காரி. கட்லெட்டில்தான் மாட்டிக்கொண்டாள். பரிசு கார்டிஃபிலிருந்து வந்த ஒரு பையனுக்குப் போயிற்று. நல்ல பையன்தான். அவன் முகம் இப்போது நினைவில்லை.

பிஸ்கட் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மூன்றாம் வருடம் அவள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டே ரயிலை விட்டு இறங்கினாள்.

"இதோட எனக்கு முப்பது. வயசு வரம்பு முடிஞ்சுது," என்றாள். "ஜெர்மனியில ஒரு பெரிய அரங்குல பாட எடுத்துக்கறோம்னு சொல்லியிருக்காங்க, இந்தப் பரிசு கையில இருந்தா. இல்லேன்னா பாட்டை மூட்டை கட்டி வெச்சிட வேண்டியதுதான். வெளையாட்டு இல்ல டெஸ்மண்ட். புரியுதா?"

"வாயே தொறக்க மாட்டேன்."

"தொறந்தீங்க, டீ கெட்டில் உங்க தலையில."

நான் வாய் திறக்கவில்லை. அந்த வாரம் தபால்காரர் எனக்குப் பக்கவாதம் என்று நினைத்து உரக்க உரக்க நலம் விசாரித்தார். பாடவில்லை, விசிலடிக்கவில்லை, முணுமுணுக்கக்கூட இல்லை. அவளுடைய கவிதை பனியைப் பற்றியது: "பனியே, என் பாதையை மூடிவிடு." குழந்தையைப் பறிகொடுத்த தாய் சொல்வது. அவள் அதை மாடியில் சொல்லும்போது அடுப்பை அணைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டேன். நான் கல் நெஞ்சக்காரன் இல்லை.

காலையில் அவள் தட்டில் ஒரு பன் வைத்தேன். அவ்வளவுதான். மறுநாள் இரண்டு. அடுத்த நாள் கோபுரமாக அடுக்கி, மேலே பொடித்த சர்க்கரையை வெள்ளை வெளேரென்று தூவிவிட்டேன்.

அவள் தட்டைப் பார்த்தாள். உதடு துடித்தது.

"வேண்டாம் டெஸ்மண்ட். ப்ளீஸ்."

நான் செய்தித்தாளைப் பிரித்தேன்.

அடுத்த காலை அவளால் முடியவில்லை. "பன்னே, என் பசியை மூடிவிடு!" என்று அவளே சொல்லி, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். சர்க்கரை வீடெல்லாம் பறந்தது. நானும் சிரித்தேன், என் பூனை பயந்து ஓடியது. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமான காலை வேறு இல்லை. சட்டென்று அவள் நிறுத்தினாள்.

"ஐயோ. அது தலைக்குள்ள போயிடுச்சு."

கவனியுங்கள், வார்த்தை அவளுடையது. நான் பன் வைத்தேன்.

மேடையில் "பனியே" என்றாள். அதோடு நின்றுவிட்டாள். பன் வருவது அவளுக்குத் தெரிந்துவிட்டது, அதனால் வாயை மூடிக்கொண்டாள். முதல் வருடத்தை நினைத்துச் சிரிக்கத் தயாராக வந்திருந்தவர்கள்கூடச் சிரிக்கவில்லை. பியானோக்காரர் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அவள் தலை வணங்கிவிட்டுப் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனாள். அன்று பொரித்த மீன் வாங்கினேன். நான் மட்டும்தான் தின்றேன்.

நம் ஊர்ப் பெண்கள் பள்ளியில் இசை ஆசிரியை வேலை காலியாக இருந்தது நல்லவேளை. நல்லவேளை என்றா சொன்னேன்? முந்தைய கிறிஸ்துமஸின்போதே தலைமை ஆசிரியையிடம் பேசி வைத்திருந்தேன். அந்த அம்மாளின் கடைவாய்ப் பற்கள் எனக்கு நன்றிக்கடன் பட்டவை. ஆள் கோடையில் வருவாள், இடத்தை நிரப்பிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். இப்போது அவள் அங்கேதான் வேலை பார்க்கிறாள், என் மாடியறையிலிருந்து நடக்கிற தூரம். ஜெர்மனி என்ன, நடக்கிற தூரமா?

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில், ஆம். மூன்று முறையும் நான்தான். முதல் முறை தெரியாமல், மற்ற இரண்டும் தெரிந்தே. அவள் வாழ்க்கையை நான் பாழாக்கியதாக உங்கள் முகம் சொல்கிறது. நீங்கள் அவளை எப்போதாவது பார்க்கிறீர்கள். நான் தினமும் பார்க்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறாள், நேரத்துக்குத் தூங்குகிறாள். என் நகைச்சுவைக்கெல்லாம் தலையசைக்கிறாள். வீட்டில் பாடுவதில்லை, அது உண்மை. பகலெல்லாம் அத்தனை பிள்ளைகளோடு கத்திவிட்டு வருகிறவளுக்குத் தொண்டைக்கு ஓய்வு வேண்டாமா?

இன்று காலைகூடக் கேட்டேன், "இங்க இருக்கறது உனக்குப் பிடிச்சிருக்கு இல்ல, ஹெஸ்டர்?" என்று. அவள் வாயில் ரொட்டி இருந்தது. இல்லாவிட்டால் பதில் சொல்லியிருப்பாள்.