இருநூற்று எண்பத்திரண்டாவது உச்சி

பனிக்காலத்தில் முதன்முறை மலைக்கு வருகிறவரிடம் நான் முதலில் பார்ப்பது காலுறையைத்தான். ஸ்ட்ரூவன் பருத்திக் காலுறையோடு வந்து நின்றான். என் பையிலிருந்த கம்பளிக் காலுறையைக் கொடுத்து மாற்றச் சொன்னேன். கடைசிவரை அவன் பாதம் நனையவில்லையாம், மீட்புக் குழுவினரே சொன்னார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார்ஜென்ட் அம்மா.

எங்கள் நாட்டில் மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைகள் இருநூற்று எண்பத்திரண்டு. அத்தனையும் ஏறி முடிக்க எனக்கு முப்பது வருடம் ஆயிற்று. கடைசி மலை மியல் தோரன். அங்கே அடையாளத்துக்கு அடுக்கிய கற்குவியலருகே நான் விஸ்கியோடு நிற்கும் படம் ஒன்பது ஆண்டுகளாக மலையேறுவோர் சங்கத்தின் சுவரில் இருக்கிறது. சங்கத்தின் பாதுகாப்புச் செயலாளரும் நான்தான். என்னைக் கேட்காமல் யாரும் பனியில் கால் வைப்பதில்லை.

ஸ்ட்ரூவன் என் பக்கத்து வீட்டுக்காரன், இருபது வருட நண்பன். கோடையில் மட்டும் நடப்பவன். ஜனவரியில் சங்கத்தில் சேர்ந்தவன், அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே என்னிடம் வந்தான்.

"டேய் இன்னிஸ், நீ நிக்கிற இடம் உச்சியே இல்லடா! போன ஆகஸ்ட்ல நான் போனேனே, உச்சி அங்கேருந்து இன்னும் கால் மைல்."

"அன்னைக்கு ஒரே மூடுபனி," என்றேன்.

"அதுக்கென்ன, இருநூத்தி எண்பத்தொண்ணும் நல்ல எண்ணிக்கைதான். சனிக்கிழமை சங்க விருந்துல எடுத்து விடறேன் பாரு, வயிறு வலிக்கச் சிரிக்கப் போறாங்க."

அவனுக்கு யார்மேலும் வன்மம் கிடையாது. அதனால்தான் அவனைத் தடுக்க முடியவில்லை.

"அதுக்கு முன்னாடி என்னோட வா, நிஜ உச்சிக்கே போயிட்டு வந்துடலாம்" என்றேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன். வழுக்கினால் பனிக்கோடரியை ஊன்றி நிற்பது எப்படி என்று அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்தேன். வழியெல்லாம் அவன் விருந்துப் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தான்.

"மாண்புமிகு பாதுகாப்புச் செயலாளர், பாதி வழியிலயே போத்தலைத் தொறந்துட்டார்!"

என் குரலை அப்படியே பிடித்திருந்தான். எனக்கே சிரிப்பு வந்தது. உள்ளுக்குள் அவமானம் பிடுங்கித் தின்றது.

படத்தில் இருக்கும் அந்தப் பழைய கற்குவியலை அடைந்தபோது மேகம் இறங்கிவிட்டது. தரை எது, வானம் எது என்று தெரியாத வெள்ளை. அப்போது செய்கிற முறை ஒன்று உண்டு. ஒருவர் முன்னே நடப்பார், மற்றவர் பின்னால் நின்று திசைகாட்டியைப் பார்த்து இடம், வலம் என்று சொல்லுவார். முன்னே போகிறவருக்குத் திசைகாட்டி வேண்டாம், பின்னால் நிற்பவர்மேல் நம்பிக்கை போதும். எங்களுக்கு வலப்புறம் பாறை விளிம்பு. அதைத் தாண்டியும் காற்று பனியைக் கூரைபோல நீட்டிவைத்திருக்கும். பார்த்தால் தரை மாதிரியே தெரியும், கால் வைத்தால் உடைந்துவிடும். இது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

"சரியாப் போறேனா?"

"கொஞ்சம் வலப்பக்கம்."

"இப்போ?"

"இன்னும் கொஞ்சம்."

"நீ சொன்னா சரிதான்டா."

நான் அவனைத் தள்ளவில்லை. முப்பது அடி பின்னால் நின்றேன்.

அவன் விழுந்ததுமே உதவிக்கு ஓடினேன் என்று முதலில் சொன்னேன். அப்படியானால் என் காலடித் தடம் ஏன் உச்சிப் பக்கம் போகிறது என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. கீழேயிருந்து அவன் குரல் தெளிவாகக் கேட்டது. கால் முறிந்துவிட்டது, சீக்கிரம் ஆளைக் கூட்டி வா என்றான். "அசையாம இரு, கத்தித் தெம்பைக் கரைக்காதே" என்றேன். முறையான ஆலோசனைதான். அங்கே கைபேசியில் சிக்னல் கிடைக்காது, இறங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் உச்சி கால் மைல்தான் இருந்தது. தனியாகத் திசை பார்த்துப் போய்வர ஒரு மணி நேரம் பிடித்தது. நிஜ உச்சியின் கற்குவியலைக் கையுறையைக் கழற்றிவிட்டே தொட்டேன்.

ஒரு மணி நேரம் முன்னதாக உதவி வந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொல்கிறார். அதை நான் மறுக்கவில்லை. அவனை விளிம்புக்கு அனுப்பியதும் நான்தான், காக்க வைத்ததும் நான்தான்.

ஆனால் சங்கத்தில் அந்தப் படத்தை யாரும் கழற்ற வேண்டியதில்லை. எண்ணிக்கை இப்போது சரியாக இருக்கிறது. நான் பொய் சொல்கிற ஆளில்லை, சார்ஜென்ட் அம்மா.