இருமாத வண்டி

உங்கள் மேசை விசிறி கடகடவென்று அடித்துக்கொள்வதற்குக் காரணம் மோட்டார் இல்லை சார். பின்னால் கூண்டைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருக்கிறது. ஒரு திருப்புளி இருந்தால் நானே முடுக்கிவிடுவேன். போலீஸ் ஸ்டேஷனில் என் கையில் திருப்புளி தரமாட்டீர்கள் என்று தெரியும். பரவாயில்லை.

நீங்கள் யாரும் என்னைத் தேடி வரவில்லை, நானாகத்தான் வந்தேன். அதை மறந்துவிட்டு, மறுபடி மறுபடி பிரேக்கைப் பற்றியே கேட்கிறீர்கள். அண்ணனுடைய ஏடிவி வண்டியின் பிரேக்கை நான் தொடவே இல்லை. பிரேக் ஒயரை அறுப்பதெல்லாம் வேலை தெரியாதவன் செய்கிற காரியம்.

அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹேண்டில்பார் வைத்த நாலு சக்கர வண்டி. டயர் ஒவ்வொன்றும் தலையணை மாதிரி உப்பியிருக்கும். அண்ணனின் கல் உடைக்கும் ஆலை அக்கரையில் இருக்கிறது. பாலம் ஏறினால் சுற்று என்று, துறையில் இறங்கி ஆற்றுக்குள்ளேயே ஓட்டிப் போவார். சீட்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி உண்டு. இன்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டி அனுப்புகிற பெட்டி. அதன் மூடியில் வெகுநாளாக ஒரு கீறல். தண்ணீர் ஓர் அளவுக்கு மேல் ஏறினால் கீறல் வழியாகக் கசிந்து உள்ளே போகும், இன்ஜின் இருமும். இருமினால் அண்ணன் திரும்பிவிடுவார். எங்கள் வீட்டுக்கு ஆற்றின் ஆழம் தெரிந்ததே அந்த இருமலால்தான். பின்னால் உட்கார்ந்திருக்கும் அண்ணிகூட, "இருமுதுங்க, திருப்புங்க" என்பார்.

அண்ணன் எனக்கு வைத்த பெயர் 'தற்காலிகம்'. சின்ன வயதில் நான் பஞ்சர் ஒட்டிக் கொடுத்த அவருடைய சைக்கிள் பாதி வழியில் காற்று இறங்கிப்போனது. அன்றைக்கு வைத்த பெயர். என் பட்டறைக்கு வருகிறவர்களிடமே, "தற்காலிகத்துகிட்டயா குடுத்திருக்கீங்க? வீடு போய்ச் சேர்ற வரைக்கும் தாங்கும், கவலப்படாதீங்க" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அண்ணியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நான் அம்மியைவிடக் கெட்டி. எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

ஆலைத் தூசி கீறல் வழியாகப் போய் இன்ஜினை அரிக்கிறது என்று அவரேதான் வண்டியைக் கொண்டுவந்தார். "ஒருவாட்டியாவது நெலச்சு நிக்கிற மாதிரி ஒண்ணு செய்டா, பாப்போம்" என்றார்.

செய்தேன். கம்பெனிப் பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெளிக்கடையில் விற்கும் கனமான அலுமினியப் பெட்டியை வாங்கி வந்தேன். மூடியைச் சுற்றி ரப்பர் வளையம், ஓரங்களில் எஃகுக் கவ்விகள். காற்று இழுக்கும் குழாயை ஹேண்டில்பார் உயரத்துக்குக் கொண்டுபோனேன். மூட்டுகளில் சோப்பு நுரையைத் தடவிக் காற்றடித்துப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. அவ்வளவு பொறுமையாக நான் எந்த வேலையையும் செய்ததில்லை.

ஒப்படைக்கும் முன் துறைக்கு ஓட்டிப் போய்ச் சோதித்தேன். தண்ணீர் சீட்டைத் தொட்டது. இன்ஜின் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் பின் சக்கரங்கள் தரையை விட்டன. அந்த மாதிரி டயர் மிதக்கும் சார். மிதந்தால் பிடி கிடையாது, ஆறு இழுத்த பக்கம் போக வேண்டியதுதான். அன்றைக்கு ஆற்றில் இழுப்பு இல்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு கரையேறினேன். நன்றாகத் துடைத்துக் காயவைத்துத்தான் கொடுத்தேன்.

அண்ணன் வந்து பெட்டியைத் தட்டிப் பார்த்தார். குழாயைப் பற்றி ஏதோ கேட்டார், பதில் சொன்னேன். "பரவால்லையே" என்றார். என் ஆயுளில் அவர் எனக்குக் கொடுத்த ஒரே பாராட்டு. பின்பக்கம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன். அதற்குள் அவர் டீக்கடைக்காரரிடம், "தற்காலிகம் ஏதோ செஞ்சிருக்கான், எத்தன நாளைக்குன்னு பாப்போம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மேல்பக்கம் மழை பெய்து ஆறு கலங்கி ஓடிய அன்று, அண்ணனும் அண்ணியும் வண்டியில் துறைக்கு வந்தார்கள். அண்ணியும் ஏறியது எனக்குத் தெரியாது என்று முதலில் சொன்னேன். தெரியும். பட்டறை வாசலிலிருந்து துறை தெரியும். அண்ணி கைகூட ஆட்டினார். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். நான் இன்ஜின் சத்தத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன். நடு ஆற்றில்கூடச் சத்தம் பிசிறவில்லை. வண்டி மிதந்து, சுழன்று, கவிழ்ந்த பிறகுதான் நின்றது.

அண்ணி மரக்கிளையைப் பிடித்துத் தப்பினார். ஆஸ்பத்திரியில், "வண்டி இருமல, வண்டி இருமவே இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். அதிர்ச்சியில் உளறுகிறார் என்று நர்ஸ் சொன்னார். நான் உள்ளே போனதும் அண்ணி பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். நான் வாங்கிப்போன பழத்தைத் தொடவில்லை.

அதற்காக நான் இங்கே வரவில்லை. வண்டியைக் கரைக்கு இழுத்தபோது உங்கள் ஆள் ஒருவர் பெட்டியைத் திறந்து, "உள்ள தண்ணி நிக்குது. பெட்டிய ஒழுங்கா மாட்டல, நடு ஆத்துல இன்ஜின் நின்னுபோச்சு, அதான்" என்றார். கூட்டத்தில் யாரோ, "தற்காலிகத்தோட வேலையாச்சே" என்றான். அண்ணன் பிணம் கிடக்கிறது, அப்போதும் நாலு பேர் சிரித்தார்கள்.

வண்டி தலைகீழாகக் கிடந்தது சார். குழாய் வாய் தண்ணீருக்குள் இருந்தது. தண்ணீர் அதன் வழியாகப் போனது. ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பாருங்கள், அடியில் ஈரமே இருக்காது.

அன்றைக்குக் குழாயைப் பார்த்து அண்ணன் என்ன கேட்டார் என்றா? "ஆழம் ஜாஸ்தியானா முன்ன மாதிரி இருமும்ல?" என்று கேட்டார். "இருமும்ணே" என்றேன். என்னை நம்பி ஏறினார். இருமட்டும் என்று காத்துக்கொண்டே நடு ஆறு வரைக்கும் போயிருக்கிறார்.

எழுதுகிறீர்களா? மேலே கொஞ்சம் இடம் விடுங்கள் சார். மூடி வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை என்பதை முதலில் எழுதுங்கள். அண்ணனைக் கொன்றதை அதற்குக் கீழே எழுதிக்கொள்ளலாம்.