அழுத்த வாயுக் குப்பி – ஒன்று

எனக்கு ஒற்றுப்பிழை ஆகாது. சிலருக்குத் தூசி ஆகாது, சிலருக்குப் பூனை ஆகாது, அதுபோலத்தான். 'கதவை திறந்தான்' என்று எங்கேயாவது பார்த்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. 'ஐ' உருபுக்குப் பின்னால் வல்லினம் வந்தால் ஒற்று மிகும். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்ததுதான். நாற்பது பேர் வேலை பார்க்கிற எங்கள் அலுவலகத்தில் அது என் ஒருவனுக்குத்தான் நினைவிருந்தது. அதனால் எல்லாக் கோப்பும் கடைசியில் என் மேசைக்கு வந்தது. நீங்கள் கேட்ட கேள்விக்கான பதில் இங்கேதான் தொடங்குகிறது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

என் பதவி மொழி திருத்துநர். உள்துறைக் கட்டடத்தில் மூன்றாவது மாடி, குடிதண்ணீர்க் குழாய்க்கு எதிர் அறை. சட்ட வரைவு, அறிக்கை, அமைச்சரின் உரை, எதுவானாலும் என் சிவப்பு மை படாமல் வெளியே போகாது. எனக்கென்று கொள்கை எதுவும் கிடையாது. கொள்கை இரண்டாவது மாடியில் இருந்தது.

என் தங்கையைப் பற்றிக் கேட்டீர்கள். அவளுக்கு ஆறு வயதிலிருந்தே இழுப்பு. மூச்சு விடத் திணறும்போதெல்லாம் அவள் முதுகைத் தடவிவிட்டது நான்தான். எனக்கு அவளை மிகவும் பிடிக்கும், இதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். படித்து முடித்து, மருத்துவமனையில் நுரையீரல் பரிசோதனைப் பிரிவிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். நோயாளி ஒரு குழலை வாயில் வைத்து ஊத வேண்டும், பாதியில் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. "விடாதீங்க, விடாதீங்க, இன்னும் கொஞ்சம்" என்று அவள் போடுகிற சத்தத்தில் பக்கத்து அறை நோயாளிகளும் சேர்ந்து ஊதுவார்களாம். மாப்பிள்ளை, அதாவது அவள் கணவர், வீட்டிலும் அவள் அதே குரலில்தான் பேசுகிறாள் என்று என்னிடம் குறைப்பட்டுக்கொள்வார்.

ஒருமுறை மருத்துவமனை அறிவிப்புப் பலகைக்காக என்னிடம் ஒரு சொல் கேட்டாள். இழுப்பு நோயாளிகள் பையில் வைத்திருக்கிற அந்தச் சின்ன மருந்துக் குப்பி, எல்லோரும் இன்ஹேலர் என்று சொல்வது. அதற்குத் தமிழில் என்ன என்று கேட்டாள். இரண்டு நாள் யோசித்து 'மூச்சிழுப்பான்' என்று எழுதிக் கொடுத்தேன். அவள் சிரித்துச் சிரித்து, அதற்கே இழுப்பு வந்துவிட்டது. "என்னண்ணா இது, ஆளையே இழுத்துட்டுப் போயிடற மாதிரி இருக்கு" என்றாள். ஆனாலும் பலகையில் அதையே எழுதினாள். பிறகு அரசின் சொல்தொகுப்பிலும் அந்தச் சொல் ஏறியது. எனக்கு அதில் பெருமைதான்.

அவர்கள் ஊர் ஏரிக்குப் பக்கத்தில் அனல் மின் நிலையத்தின் சாம்பலைக் கொண்டுவந்து கொட்ட ஆரம்பித்தார்கள். மூன்று ஆண்டாகப் பிள்ளைகளின் மூச்சளவு குறைந்துகொண்டே வருகிறது என்று அவள் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தாள். அதிகாரிகளுக்கு மனு அனுப்பினாள். ஒவ்வொரு மனுவையும் என்னிடம் காட்டித் திருத்திக்கொண்டுதான் அனுப்பினாள். மொத்தம் பதினொரு மனு. ஒன்றில்கூடப் பிழை கிடையாது, ஒன்றுக்கும் பதிலும் கிடையாது.

அதற்குப் பிறகுதான் அவர்கள் சாம்பல் லாரி போகிற சாலையில் உட்கார்ந்தார்கள். ஐம்பத்தொரு பேர். பாதிப் பேருக்கு மூட்டுவலி, ஒருவர் வீட்டிலிருந்து நாற்காலி கொண்டுவந்திருந்தார். இப்படி ஒரு படை நாட்டின் பாதுகாப்பை உலுக்கிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டாவது மாடிக்குத் தோன்றியது. நான்கு நாள் லாரி ஓடாததில் அமைச்சர் தூக்கத்தைத் தொலைத்துவிட்டார் என்று சொன்னார்கள். பதினொரு மனுவில் கலையாத தூக்கம் அது.

செயலாளர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். சட்டத்தில் 'பொதுமக்களின் உயிருக்கும் உடைமைக்கும் கேடு விளைவிப்பது பயங்கரவாதம்' என்று இருந்தது. இவர்கள் யாரையும் தொடவில்லை, எதையும் உடைக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கையைப் பிசைந்தார். நான் வரைவை வாங்கிப் பார்த்தேன். 'உயிருக்கும் உடைமைக்கும்' என்றால் இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும். அதை 'உயிருக்கோ உடைமைக்கோ' என்று மாற்றினால் ஒன்று போதும். கையோடு 'வழக்கமான போக்குவரத்துக்கோ' என்பதையும் சேர்த்துவிடலாம் என்றேன். அவருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்த வரையறைப்படி பார்த்தால் கனமழையும் பயங்கரவாதிதான், என்ன, மழையைக் கைது செய்ய வண்டி கிடையாது. சட்டம் மூன்றே வாரத்தில் நிறைவேறியது. உறுப்பினர்கள் யாரும் அந்த 'ஓ'வைக் கவனிக்கவில்லை.

அடுத்தது அமைச்சரின் உரை. 'பசுமைப் பயங்கரவாதிகள்' என்று எழுதி வந்தது. எனக்கு அது உறுத்தியது. பசுமை என்பது மரம் நடுவிழா அழைப்பிதழில் வருகிற சொல். பசுமையான நினைவு என்கிறோம், அந்தச் சொல்லைக் கேட்டு யாரும் பயப்படமாட்டார்கள். 'பச்சை' அப்படி இல்லை. பச்சைப் பொய், பச்சைத் துரோகம் என்று சொல்லிச் சொல்லி அதற்கு ஒரு காரம் ஏறியிருக்கிறது. 'பச்சைப் பயங்கரவாதிகள்' என்று திருத்தினேன். நடுவில் அந்த 'ப்'பை அழுத்திச் சொல்லும்படி ஓரத்தில் குறிப்பும் எழுதினேன். அமைச்சர் மிகச் சரியாகச் சொன்னார். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அதுதான் தலைப்பு. நான் எழுதிய ஒரு சொல்லை நாடே பேசுவது அதுதான் முதல் முறை, மறைப்பானேன், எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அன்று மதியம் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். கோபமாகப் பேசவில்லை.

"அண்ணா, டிவியில எங்களைப் பச்சைப் பயங்கரவாதின்னு சொன்னாங்க. நடுவுல ஒரு 'ப்' போட்டு அழுத்திச் சொன்னாரு. அவருக்கு ஏது அவ்வளவு இலக்கணம்? அது உன் 'ப்'தானே?"

"நான் பிழை மட்டும்தான் திருத்தறேன்மா."

அவள் மூச்சை இழுத்துவிடுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்.

"நீ எழுத்தைப் பார்க்கற. எழுதினது என்னன்னு பார்க்கவே மாட்டேங்கற."

சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அவளோடு நான் பேசியது அதுதான் கடைசி.

திங்கட்கிழமை காலை ஐம்பத்தொரு பேரையும் கைது செய்தார்கள். செவ்வாய் பதினொரு மணிக்கு, கைப்பற்றிய பொருள்களின் பட்டியல் என் மேசைக்கு வந்தது. காவல் நிலைய எழுத்தர் கையால் எழுதியது. குடை பத்தொன்பது, பாட்டில் முப்பது, மடக்கு நாற்காலி ஒன்று, நோட்டு ஒன்று, இன்ஹேலர் ஒன்று. செயலாளர் தொலைபேசியில் வந்தார். மாலையில் அமைச்சர் பேசப்போகிறார், இதை வைத்துக்கொண்டு என்னத்தைப் பேசுவார், சுற்றுலா போன மாதிரி இருக்கிறதே என்று அலுத்துக்கொண்டார். குடையைக் கொஞ்சம் வேறு மாதிரி எழுத முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். குடை நல்ல தமிழ்ச் சொல், அதில் கைவைக்க எனக்கு அதிகாரம் இல்லை. பிறமொழிச் சொற்களை மட்டும்தான் மாற்றலாம், அது அரசாணை.

அவர் கொஞ்சம் தயங்கினார். "சார், அதுல உங்க தங்கச்சி பேரும் இருக்கு போல. சங்கடமா இருந்தா வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க, நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன்" என்றார். மனதாரத்தான் சொன்னார். அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். யோசித்துப் பார்த்தேன். அடுத்த அறையில் இருக்கிறவர் 'பொருள்களை கைப்பற்றி' என்று எழுதுகிற ஆள். பரவாயில்லை, நானே பார்க்கிறேன் என்றேன்.

பாட்டிலை நெகிழிக் குடுவை ஆக்கினேன். நோட்டைக் குறிப்பேடு ஆக்கினேன். இன்ஹேலரில் வந்து நின்றேன். எதிரே உரியவர் பெயர், வயது, தந்தை பெயர் எல்லாம் இருந்தது. அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து தவறாக இருந்தது, முதலில் அதைத் திருத்தினேன்.

'மூச்சிழுப்பான்' என்று போட்டிருக்கலாம். சொல்தொகுப்பு என் இழுப்பறையில்தான் இருந்தது, பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஆனால் மூச்சிழுப்பான் என்று எழுதினால் பட்டியலில் யாரும் பயப்படுவதற்கு ஒன்றுமே மிஞ்சாது. அந்தப் பொருள் என்ன என்று பார்த்தேன். உள்ளே அழுத்தத்தில் அடைத்த வாயு இருக்கிறது, வெளியே குப்பி. 'அழுத்த வாயுக் குப்பி – ஒன்று' என்று எழுதினேன். இதில் பொய் என்று ஓர் எழுத்தை நீங்கள் காட்ட முடியாது. பட்டியல் முழுவதையும் முடிக்க நாலு நிமிடம் ஆயிற்று. இரண்டு நாளில் எல்லோரையும் விட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன், அவளும் வந்து என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன்.

மாலையில் அமைச்சர் கேட்டார், அழுத்த வாயுக் குப்பியோடு வந்தவர்கள் ஏரிக்காகவா வந்தார்கள் என்று. பலத்த கைதட்டல். மறுநாள் ஒரு பத்திரிகை ஆளுயர வாயு உருளை ஒன்றின் படத்தைப் போட்டு, அது எப்படி வெடிக்கும் என்று அம்புக்குறியோடு விளக்கியிருந்தது. 'வாயுக் குப்பி'யில் 'க்' சரியாக இருந்தது. வெடிக்கக்கூடிய பொருளோடு வந்தார்கள் என்று சொல்லி, ஐம்பத்தொரு பேரின் காவலையும் முப்பது நாளுக்கு நீட்டினார்கள்.

வியாழக்கிழமை காலை, அவள் இருந்த அறைக்கு அடுத்த அறையில் சுண்ணாம்பு சுரண்டினார்கள். பெரிய மனிதர் யாரோ பார்வையிட வருவதாக இருந்தது. அந்தத் தூசியில் அவளுக்கு இழுப்பு வந்தது. அவளுக்கு என்ன தேவை என்று அவளுக்குத் தெரியும், கேட்டிருக்கிறாள். காவலுக்கு இருந்த பெண் நல்லவர், ஓடியிருக்கிறார். பொருள் அறையில் இருந்தவர் நான் திருத்தி அனுப்பிய பட்டியலை எடுத்துப் பார்த்திருக்கிறார். அந்தப் பெண் இதே அறையில், இதே நாற்காலியில் உட்கார்ந்து சொன்னதை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள்.

"இன்ஹேலர், இன்ஹேலர்னு கேட்டாங்க சார். நாங்க ரெண்டு பேரும் பட்டியலை மூணு தடவை பார்த்தோம். அப்படி ஒண்ணு அதுல இல்லவே இல்லை. வெடிகுப்பி மாதிரி ஏதோ ஒண்ணுதான் சீல் வெச்சு இருந்துச்சு. அதை யாரும் தொடக் கூடாதுன்னு உத்தரவு."

அவர் சொன்னதில் பொய் இல்லை. மருத்துவர் வந்து சேர நாற்பது நிமிடம் ஆகியிருக்கிறது. அவ்வளவு நேரம் அவள் விடாமல் இழுத்துப் பார்த்திருப்பாள், ஊரையே ஊதச் சொன்னவள்.

காரியமெல்லாம் முடிந்து ஒன்பதாம் நாள் மாப்பிள்ளை என் வீட்டுக்கு வந்தார். கையில் பட்டியலின் நகல். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "மச்சான், இந்தச் சிவப்பு எழுத்து உங்களோடதுதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் ஓர் அடி அடித்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நேரே உங்களிடம்தான் புகாரோடு வந்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

நான் செய்தது ஒரு சொல் மாற்றம். சட்டம் நான் கொண்டுவந்தது இல்லை, கைது செய்தவன் நான் இல்லை, சுண்ணாம்பு சுரண்டியவனும் நான் இல்லை. வந்த தாளைப் பிழையில்லாமல் திருப்பி அனுப்பினேன். முப்பத்தோர் ஆண்டாக அதைத்தான் செய்தேன். அவள்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது.

இப்போது இந்த அம்மா நான் சொன்னதையெல்லாம் சுருக்கமாகத் தட்டச்சு செய்து, கையெழுத்துக்காக நீட்டுகிறார். படித்தேன். 'கொன்றேன்' என்ற சொல்லை நான் ஒரு முறையும் சொல்லவில்லை, உங்களுக்கே தெரியும். இவராகப் புரிந்துகொண்டு, கடைசி வரியில் 'என் தங்கையை கொன்றேன்' என்று அடித்திருக்கிறார்.

சிவப்புப் பேனா இருந்தால் கொடுங்கள். 'தங்கையைக் கொன்றேன்' என்று வர வேண்டும், நடுவில் ஒரு 'க்' விட்டுப்போயிருக்கிறது. மற்றபடி அந்த வாக்கியத்தில் திருத்த ஒன்றும் இல்லை.