ஒன்பது பேர், ஒரு முழுச் சட்டை

சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலையில், ஆயத்த ஆடைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்ட ஒன்பது பெண்கள் என் துணிக்கடைக்கு வந்து, சட்டை தைத்துத் தருகிறோம், ஆர்டர் கொடுங்கள் என்று கேட்டார்கள். நான் முடியாது என்று அனுப்பிவிட்டேன்.

வணக்கம் சொல்வதற்கு முன்பே இதைச் சொல்லிவிட்டேன். காரணம், எனக்கு முன் பேசியவர் என்னை வள்ளல் என்று சொல்லிவிட்டு இறங்கினார். அந்தச் சரக்கு என்னிடம் இல்லை. இல்லாத சரக்கை இருப்பதாகச் சொல்லி விற்பவன் கடை நடத்த முடியாது.

இனி வணக்கம். இவ்விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பள்ளித் தலைமை ஆசிரியை அம்மையார் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! விடியும் முன் உலை வைத்து, விடிந்ததும் வேலைக்கு ஓடி, ஓடிய களைப்பு ஆறும் முன் இங்கே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! ஷிப்டு முடிந்த சீருடையோடு பின்னால் நிற்கும் தங்கைகளே! அவர்களுக்காகக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் தம்பிமார்களே! அனைவருக்கும் மேலாக, இன்று தங்கள் சொந்தத் தையற்கூடத்தின் கதவைத் தாங்களே திறந்த ஒன்பது முதலாளிகளே! உங்கள் அத்தனை பேருக்கும் என் வணக்கம்.

கைதட்டுங்கள், கைதட்டுங்கள். ‘முதலாளி’ என்று கூப்பிட்டால் இன்னும் மூன்று பேர் திரும்பிக் கதவைத்தான் பார்க்கிறார்கள், வேறு யாரோ வருகிறார் என்று!

ஏன் முடியாது என்றேன்? அன்று நான் கேட்டது ஒரே கேள்வி. உங்களில் யாருக்கு முழுச் சட்டை தைக்கத் தெரியும்? ஒன்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நடுவில் நின்றவர் சொன்னார்: “நான் காலர், ஐயா.” அடுத்தவர், “நான் கை.” அதற்கடுத்தவர், “நான் பாக்கெட்.” இப்படியே தோள், காஜா, பட்டன் என்று வந்து, கடைசியில் கதவோரம் நின்ற ஒல்லியான பெண், “நான் பிசிறு வெட்டுறவ” என்றாள்.

பதினாறு ஆண்டு! காலர் அம்மா பதினாறு ஆண்டு காலர் மட்டுமே தைத்திருக்கிறார். மணிக்கு அறுபது காலர். அந்தக் காலருக்குக் கீழே ஒரு சட்டை உருவாவதை அவர் ஒருநாளும் கண்டதில்லை. தைத்ததைக் கூடையில் போட்டால் கூடை போய்விடும். எத்தனை கழுத்தை அலங்கரித்த கைகள் அவை! அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர் கழிவறைக்குப் போக, ஐம்பது பேருக்கு ஒன்றாகத் தொங்கும் மரக்கட்டை டோக்கனுக்குக் காத்திருந்தார். அவரிடம் தொழில் கற்ற ஆண்பிள்ளைகள் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, அவருக்கே சூப்பர்வைசர் ஆனார்கள். நான்காம் முறை அந்த இடம் காலியானபோது இவர் தனக்குக் கேட்டார். மேனேஜர் சிரித்துவிட்டு, வீட்டைப் பார்த்துக்கொள்வதே உங்களுக்குப் போதாதா என்று விசாரித்தாராம். காலர் அம்மா சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தார். பின்னால் ஏழு ஸ்டூல்கள் நகரும் சத்தமும், ஒரு கத்தரியைக் கீழே வைக்கும் சத்தமும் கேட்டன.

வேலையை விட்டதும் கைக்கு வந்த பணம் முழுவதையும் கொட்டி, ஐந்து பழைய மிஷின்கள் வாங்கி, ஓட்டுக்கூரை அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருந்தார்கள். ஆர்டர் கிடைத்தால் தொழில். கிடைக்காவிட்டால் பழைய வாசலில் போய்ப் பழைய மேனேஜர் முன்னால் நிற்க வேண்டும். இது தெரிந்தும் நான் என்ன சொன்னேன்? ஒன்பது பேரையும் சேர்த்தால்கூட முக்கால் தையல்காரர் தேறவில்லையே அம்மா என்றேன். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

காலர் அம்மா சிரிக்கவில்லை. கடையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஐயா, இங்க தொங்குற சட்டையில, ஒரே ஆள் முழுசா தைச்சது எதுன்னு காட்டுங்க. பார்த்துட்டுப் போயிடுறோம்.”

தேடினேன். ஆறு அலமாரி. ஒன்றுகூட இல்லை! தோளில் துணி மூட்டை சுமந்து, தெருத்தெருவாகக் கூவி விற்று, முப்பது ஆண்டில் கடைக்காரனான எனக்கு, என் சரக்கு யார் கையில் பிறக்கிறது என்பது அன்றுதான் உறைத்தது. அவர்களைத் திருப்பி அனுப்பினேன், ஆனால் மதியம் ஆள் விட்டுக் கூப்பிட்டேன். மனம் இளகியது என்று நினைக்காதீர்கள். அப்படிப் பதில் சொல்லும் வாயை விட்டால் வேறு கடைக்காரன் பிடித்துக்கொள்வான் என்ற கணக்குத்தான். பூப்போட்ட துணியில் நாற்பது சட்டைக்கு அளந்து கொடுத்தேன். துணி பாழானால் இந்தப் பக்கம் வரவே வேண்டாம் என்றேன்.

வாங்கிப் போனவர்களுக்கு வாசலிலேயே அடுத்த இடி. தைக்க ஆள் உண்டு. வெட்ட ஆள் ஏது? எங்கும் தைப்பது பெண், வெட்டுவது ஆண். கத்தரி எடுப்பவருக்கு மேசை, மின்விசிறி, மாஸ்டர் என்ற மரியாதை. ஊசி எடுப்பவருக்கு முதுகில்லாத ஸ்டூல். ஒரு கட்டிங் மாஸ்டரைப் போய்க் கேட்டார்கள். “பொம்பளைங்க சொல்லி நான் கத்தரி பிடிக்கணுமா?” என்றார் அவர். அதோ, மூன்றாவது வரிசையில் அமர்ந்து தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறாரே, அவர்தான். நிமிருங்கள் மாஸ்டர், உங்களை அழைத்ததே அவர்கள்தான்!

அப்போது வாயைத் திறந்தாள் பிசிறு. ஒன்பது பேரில் ஆகக் குறைந்த கூலி வாங்கியவள், மிஷினில் உட்காரவே விடப்படாதவள், பதினோரு ஆண்டு நின்றபடியே நூல் வெட்டியவள். “எல்லாரும் ஒரு துண்டைத்தான் பார்த்தீங்க. எங்கிட்ட வந்தது முழுச் சட்டை. தினம் ஐந்நூறு சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவ நான். வெட்டுறேன், குடுங்க.”

கணவனின் நல்ல சட்டை ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்தாள். பாகம் பாகமாக அட்டையில் வைத்து வரைந்தாள். கடன் வாங்கிய கத்தரியால் மூன்று நாள் வெட்டினாள். நான்காம் நாள் முன்பாகங்களை ஜோடி சேர்க்க எடுத்தபோதுதான் தெரிந்தது. எண்பது முன்பாகம். எண்பதும் இடது!

வலதும் இடதும் ஒரே அச்சுத்தானே என்று ஒரே அட்டையை வைத்தவள், வலதுக்கு அதைக் கவிழ்க்க மறந்துவிட்டாள். வெற்றுத் துணியென்றால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். இது ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட பூ. மறுபக்கம் வெளிறிக் கிடக்கும். பிசிறு கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாளாம்.

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? நானாக இருந்தால் திட்டியிருப்பேன். ஒளிவு எதற்கு, ஆளை மாற்றியும் இருப்பேன். காலர் அம்மா கீழே கிடந்த கத்தரியை எடுத்து அவள் கையிலேயே திரும்ப வைத்தார். “எனக்கும் முதல் மாசம் காலர் தலைகீழாத்தான் வந்தது. யாரும் மிஷினைப் பிடுங்கல. நீயே வெட்டு.”

தாய்மார்களே! ஒரு தொழில் எந்த இடத்தில் பிறக்கிறது? முதல் போடுகிற இடத்திலா? பெயர்ப்பலகை மாட்டுகிற இடத்திலா? தவறு செய்த கையில் கத்தரியைத் திரும்பக் கொடுக்கிற இடத்தில் பிறக்கிறது. எனக்கு இது தெரிய அறுபது வயது ஆகியிருக்கிறது.

மறுநாள் என் கடையில் யாரோ அதே பூத்துணியில் ஏழு மீட்டர் வாங்கிப் போனார்கள், சில்லறை விலைக்கு, ஒரு பைசா குறைத்துக் கேட்காமல். யாரென்று நானும் கவனிக்கவில்லை. பத்தாம் நாள் ஒன்பது பேரும் வந்து மேசைமேல் நாற்பது சட்டை அடுக்கினார்கள். காலரைத் திருப்பிப் பார்த்தேன், காஜாவை இழுத்துப் பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குறை தேடித் தேடி என் கண்தான் வலித்தது. பக்கத்திலேயே இருபது சின்னஞ்சிறு சட்டைகள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு.

இது என்ன என்றேன். பிசிறு முன்னால் வந்தாள். “நான் தப்பா வெட்டினேன், ஐயா. வலதுக்குத் துணி எங்க காசுல வாங்கிட்டோம். மிஞ்சின இடது நாற்பதுல இது வந்தது. துணி உங்களோடது, அதனால இதுவும் உங்களோடது.”

சொல்லியிருக்கவே வேண்டாம்! மறைத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமா? அப்பன் சட்டைக்குப் பக்கத்திலேயே பிள்ளை சட்டையைக் கண்ணாடி அலமாரியில் தொங்கவிட்டேன். ஐந்து நாள் தாங்கவில்லை. என்ன, விலையா? பின்வரிசைத் தம்பி கேட்கிறார். நல்ல விலைதான் தம்பி, நான் வியாபாரி!

பிறகு, மாதம் முந்நூறு சட்டை, இருபது நாளில் சரக்கு என்று ஒப்பந்தம் பேசப் போனேன். கூலிக்குச் சம்மதித்தார்கள். நாளுக்குச் சம்மதிக்கவில்லை. இரண்டு நாள் கூடுதலாகக் கேட்டார்கள். எதற்கு என்றேன். மாதம் ஒருமுறை ஆளுக்கு ஆள் இடம் மாறி உட்காரப் போகிறார்களாம். காலர் கைக்கு, கை பாக்கெட்டுக்கு, பாக்கெட் கத்தரிக்கு. கை பழகும்வரை வேலை மெதுவாகத்தான் நடக்கும். அவரவர் தெரிந்ததைச் செய்தால் வேகமாக முடியுமே அம்மா, இதில் உங்களுக்கு என்ன லாபம் என்று வாதாடினேன். காலர் அம்மா அமைதியாகச் சொன்னார்: “ஐயா, நீங்க அன்னைக்குக் கேட்ட கேள்விக்கு ஒன்பது பேரும் ஒருநாள் பதில் சொல்லணும்.”

நாற்பது ஆண்டு பேரம் பேசிய வாய். அன்று பேரத்தை விட்டுவிட்டுப் பேனாவைக் கேட்டது.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், பேசவிட்ட தலைவர் அம்மையாருக்கும், முதலில் முடியாது என்ற என்னைத் தேடி மதியம் மறுபடியும் படியேறி வந்த அந்தப் பதினெட்டுக் கால்களுக்கும் நன்றி சொல்லி, வணங்கி, சபையறிய ஒப்பந்தத்தை வாசித்து அமர்கிறேன். மாதம் முந்நூறு சட்டை. துணி என்னுடையது. கூலியில் பாதி முன்னால், மீதி சரக்கு இறங்கும் அன்றே. கழுத்தில் தைக்கும் பெயர்ப்பட்டை அவர்களுடையது. கூலி நான் சொன்னது. நாள் அவர்கள் சொன்னது. இருபத்திரண்டு நாள்.