வீட்டில் யார் இருக்கிறார்கள்?

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, செவிலியச் சகோதரிகளே, வார்டிலிருந்து சக்கர நாற்காலியிலேயே வந்து முன்வரிசையில் இருக்கும் நண்பர்களே, வணக்கம். குடும்பத்தாரே என்று அழைக்க ஒருவரும் இல்லாத இரங்கல் கூட்டம் இது.

முதுகெலும்புக்குப் பரவிய புற்றுநோயோடு வருகிறவருக்கு அறுவை செய்யலாமா? செய்தால் எவ்வளவு காலம் இருப்பார்? இதைக் கணித்துச் சொல்வதில் மறைந்த எங்கள் தலைமை அறுவை மருத்துவருக்கு நிகர் யார்? நோய் எங்கே தொடங்கியது, ஈரலுக்குப் போயிற்றா, கால் அசைகிறதா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுவார்; மார்க் கூடினால் ஆயுள் கூடுதல் என்று கணக்கு. அதனாலேயே அவர் நமக்கு 'மார்க் டாக்டர்'. மார்க் போடுவதில் மகா கஞ்சர். கேட்டால், "அள்ளிக் கொடுத்தா நோய் குறைஞ்சிடுமா?" என்பார்.

வாரக் கூட்டத்தில் பெயரை மறைத்துத்தான் ஸ்கேன் படத்தைப் போடுவோம். பெயர் தெரிந்தால் கை தாராளமாகிவிடும் என்று அவர் வைத்த சட்டம் அது. எல்லாரும் மார்க் போட்டபின் ஒரு கேள்வி கேட்பார்: "வீட்ல யார் இருக்காங்க?" புரட்டிப் படுக்கவைக்க, தூக்கி உட்காரவைக்க ஆள் வேண்டுமே! மார்க் குறைந்தவருக்கும் அந்தப் பதிலுக்காகவே கத்தியை எடுத்ததுண்டு. நாட்களைக் கூட்ட அல்ல, இருக்கிற நாளில் உட்கார்ந்து சாப்பிடட்டும் என்பார்.

சென்ற கோடையில் ஒரு படம் போட்டார். பார்த்தோம். கணித்தோம். சில மாதங்கள்தான், அறுவை வேண்டாம் என்றோம். அன்று அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து மூத்த செவிலியர் கேட்டார்.

"வீட்ல யார் இருக்காங்க டாக்டர்?"

"யாரும் இல்லம்மா. நான் மட்டும்தான்."

திரும்பித் திரையைப் பார்த்தோம். நாங்கள் கணித்தது அவருடைய படம்.

மார்க்கை மீறித்தான் அவருக்கு அறுவை செய்தோம். மயக்க மருந்து கொடுத்தவன் நான். எழுந்து உட்கார்ந்தார். கூட்டத்துக்கு வந்தார். மற்றவர்களுக்கு அதே கஞ்சத்தனத்தோடு மார்க் போட்டார். நம் கணிப்பும் தப்பவில்லை. சொன்ன மாதங்களே இருந்தார்.

ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். அடுத்த அறையில் தொலைக்காட்சி தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. வீட்டில் ஆள் இருப்பதுபோல் இருக்கட்டுமே என்று போட்டுவைத்திருக்கிறாராம். வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வலி பரவால்லப்பா. சாயங்காலம்தான் ரொம்ப நீளமா இருக்கு."

அன்பர்களே! இந்த மனிதருக்குப் படம் திறந்துவைத்தால் போதுமா? அவர் கடைசியில் கேட்ட கேள்வியை இனி நாம் முதலில் கேட்போம். 'யாரும் இல்லை' என்று பதில் வந்தால் நம்மில் ஒருவர் கை தூக்குவோம். மார்க் டாக்டர் அவர்களே, இது நாங்கள் உங்களுக்குத் தரும் வாக்கு.

வார்டின் கடைசிக் கட்டிலில் ஓர் அம்மா இருக்கிறார். முந்தாநாள்தான் முதுகில் அறுவை முடிந்தது. வீட்டில் யாரும் இல்லை. ஜன்னலில் வெயில் இறங்கிவிட்டது, பாருங்கள். மேலே பேச எனக்கு நேரமில்லை. நான் போய் அவர் பக்கத்தில் உட்காருகிறேன்.