பீடத்துக்குப் புகை ஆகாது

பயன்படுத்தி முடித்த பேட்டரியின் இரண்டு முனைகளிலும் டேப் ஒட்டிவிட வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. தீர்ந்துபோனது என்று நாம் நினைக்கும் பேட்டரிக்குள்ளும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். இளைஞர்கள் ஊதுகிறார்களே வேப், மின்சிகரெட், அதற்குள்ளும் ஒரு சின்ன பேட்டரி உண்டு. அதை மற்றவற்றோடு கலக்கக் கூடாது, நசுக்கக் கூடாது, சூட்டில் வைக்கக் கூடாது. உலர்ந்த மணல் போட்ட இரும்புப் பீப்பாயில், ஆள் புழங்கும் இடத்தை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். கானாவில் இந்தக் குமாசி நகரத்து ஹோட்டல்காரர்களுக்கும் செல்போன் கடைக்காரர்களுக்கும் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆகவே தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லப்போவதில்லை, தம்பி.

வாக்குமூலத்தில் என்னை யாவ் அட்டகோரா என்று எழுதிக்கொள்ளுங்கள். ஊரில் ஓபானின் என்பார்கள், பெரியவர் என்று பொருள். எங்கள் குடும்பத்துக்கு நான் தலைவன். முதுகுக்குத் தலையணை வேண்டாம். சாய்ந்து உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை.

உங்கள் தாயார் வடக்குப் பக்கத்தவர் என்று கேள்விப்பட்டேன், அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் குடும்பம் என்பது பெண் வழி. என் பிள்ளைகள் அவர்கள் அம்மாவின் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். என் குடும்பம் என்றால் என் தங்கை அச்சியாவும் அவள் பெற்ற பிள்ளையும்தான். அவளுக்கு ஒரே மகள், பிராகோ. வேறு பெண் வாரிசு எங்கள் வீட்டில் இல்லை. முன்னோர்கள் உட்கார்ந்து ஆண்ட மரப்பீடம், புகைக்கரியும் முட்டையும் பூசிக் கறுப்பாக்கியது, எங்கள் வீட்டில் ஓர் அறையில் இருக்கிறது. அதைக் காத்து, பிராகோ பெறும் பிள்ளையிடம் ஒப்படைப்பதுதான் தலைவன் வேலை.

பிராகோவைப் படிக்க வைத்தது நான். எங்கள் பழைய பேட்டரித் தொழிலுக்குள் கொண்டுவந்ததும் நான். மணல் பீப்பாய்கள் அவள் யோசனை. வேப்புக்குத் தனி டப்பா, வீங்கிய பேட்டரிக்குத் தனி டப்பா, உரிமம் உள்ள உருக்காலைக்கு மட்டுமே லாரி என்று ஒழுங்குபடுத்தினாள். நான் தடுக்கவில்லை. அவள் வருவதற்கு முன்னால் நாங்கள் கார் பேட்டரிகளைக் கொல்லையிலேயே உடைத்து ஈயத்தை உருக்கிவந்தோம். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். ஆசிட் ஓடையில் போயிற்று. சாம்பல் நிறக் கசடு மட்டும் மலைபோல் குவிந்துகொண்டே இருந்தது.

ஓடைக்குக் கீழே ஸோங்கோ, வடக்கிலிருந்து வந்த முஸ்லிம்கள் குடியிருக்கும் பகுதி. அங்கே ஒரு பள்ளிக்கூடம். மழைக்காலத்தில் முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். நான் லாரி லாரியாகக் கசடை அனுப்பி முற்றத்தை மேடாக்கிக் கொடுத்தேன். கையை நீட்டாமலேயே அவர்களுக்குக் கிடைத்தது. சுவரில் எங்கள் குடும்பப் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். தலைமை ஆசிரியர் மல்லம் சாலிஃபு இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓபானின், இனிமே எங்க புள்ளைங்க செருப்பு நனையாம படிக்கும். செருப்பு இருக்குற புள்ளைங்களச் சொல்றேன்" என்று சிரித்தார்.

அந்தக் கல் எனக்குப் பிடித்திருந்தது. வண்டியில் போகும்போது டிரைவரை மெதுவாகப் போகச் சொல்வேன்.

பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு வயிற்று வலி, வலிப்பு என்று பேச்சு வந்தது. சாலிஃபுவின் மகள் ரஹினா, நன்றாகப் பேசிக்கொண்டிருந்த குழந்தை, அவளுக்குப் பேச்சே நின்றுபோயிற்று. மண்ணைத் தின்கிற பிள்ளை. எங்கள் பிள்ளைகளை நாங்கள் மண் தின்ன விட்டதில்லை. வளர்ப்பு என்று ஒன்று இருக்கிறது அல்லவா.

பிராகோ ஒரு ஜாடியில் அந்த முற்றத்து மண்ணை எடுத்துவந்து, நான் ஃபுஃபு களி சாப்பிட்டுக்கொண்டிருந்த மேஜையில் வைத்தாள். ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டாளாம்.

"மாமா, இது மண்ணு இல்ல. ஈயம். உங்களுக்குத் தெரியும்ல?"

"எப்ப தோண்டின?"

"போன வியாழக்கிழமை. ஏன்?"

எங்கள் பக்கத்தில் வியாழக்கிழமை பூமித்தாய்க்கு உரிய நாள். அன்று மண்வெட்டியைத் தொடமாட்டோம். நான் வியாழனில் பிறந்தவன். என் பெயருக்கே அதுதான் அர்த்தம்.

"வியாழக்கிழமை பூமியத் தோண்டுனியா? உங்கம்மா இதத்தான் சொல்லி வளர்த்தாளா?"

"பூமித்தாய் கோவிச்சுக்கட்டும் மாமா. அவ வயித்துல ஈயத்தக் கொட்டுனது நான் இல்ல."

"குரலத் தாழ்த்து. வேலைக்காரங்க இருக்காங்க."

"பேட்டரி முனைக்கு டேப் ஒட்டுங்கன்னு ஊருக்கே பாடம் எடுத்தீங்களே. உங்க வாய்க்கு யாரு ஒட்டுனா?"

நான் கை கழுவினேன். அவள் என் அருகே வந்து மண்டியிட்டாள். அது மரியாதைதான், மறுக்கவில்லை.

"வர்ற சனிக்கிழமை அந்தப் புள்ளைங்களோட தாய் தகப்பனையெல்லாம் ஸ்கூலுக்குக் கூப்பிட்டிருக்கேன். முற்றம் முழுக்கத் தோண்டி எடுக்கணும். அந்தக் கல்லயும் எடுக்கணும். நீங்களே வந்து சொல்லிடுங்க மாமா. நீங்க சொன்னா நம்ம பேரு நிக்கும். நான் சொன்னா நிக்காது."

"நான் சொல்லலன்னா?"

"நான் சொல்லுவேன்."

அவளுக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். விடியட்டும், யோசித்துச் சொல்லு என்றேன். விடிந்தும் அதையேதான் சொன்னாள். அதற்குமேல் ஒரு குடும்பத் தலைவன் என்ன செய்ய முடியும்?

அவளுடைய அலுவலகம் பேட்டரிக் கொட்டகைக்குள், கடைசி அறை. மதியம் சாப்பிட்டதும் அங்கே கொஞ்சம் கண்ணயர்வாள். கொட்டகையின் மறுசுவர் பீட அறையின் சுவர். அதுதான் எனக்குச் சிக்கலாக இருந்தது. பீடத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. முன்னோர்களிடம் சொல்ல வேண்டும், சாராயம் ஊற்ற வேண்டும், செம்மறி அறுக்க வேண்டும், குடும்பத்துப் பெரியவர்கள் நாலு பேர் பார்க்க வேண்டும். வேறு யாராவது இருந்தால் இதையெல்லாம் விட்டிருப்பார்கள். நான் விடவில்லை. முறைப்படி செய்தேன். பீட அறைக் கூரை ஒழுகுகிறது என்று பெரியவர்களிடம் சொன்னேன். பீடம் தங்கை வீட்டுக்குப் போயிற்று. அன்று வியாழக்கிழமை, அதனால் மற்ற வேலையை வெள்ளிக்கு வைத்துக்கொண்டேன்.

வெள்ளி மதியம் ஆட்களைச் சாப்பிட அனுப்பினேன். தள்ளி வைத்திருந்த பீப்பாய்களின் மணலில் இருந்தவற்றை எடுத்துக் கொட்டகைக்குள் கொண்டுவந்தேன். எதையெல்லாம் செய்யாதீர்கள் என்று ஊருக்குச் சொல்லியிருந்தேனோ, அதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்தேன். அவள் அறைக் கதவுக்கு வெளியே ஒரு தாழ்ப்பாள் உண்டு. அதையும் போட்டேன். பிறகு முற்றத்தில் என் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அந்தத் தீ தண்ணீருக்கு அடங்காது என்பது உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும்.

அவள் என்னைத்தான் கூப்பிட்டாள். "மாமா, கதவு, மாமா" என்று. அம்மாவைக் கூப்பிடவில்லை. எங்கள் பெண்களுக்குத் தாய்மாமன்தான் முதல் காவல். கடைசிவரை அந்த மரியாதையை அவள் மறக்கவில்லை என்பதில் எனக்குத் திருப்தி.

தீயில் சாவது கெட்ட சாவு. அப்படிச் செத்தவர்களை நாங்கள் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. கிடத்தி அழுவதில்லை, பந்தல் இல்லை, உடனே புதைத்துவிடுவோம். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அச்சியா என் காலைப் பிடித்தாள்.

"ஒரு தடவ வாசல் வரைக்கும் கொண்டாரச் சொல்லுண்ணே. நீ சொன்னா யாரு மறுப்பா?"

முறை எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சொன்னேன். என் மருமகள் என்பதற்காக நான் வழக்கத்தை வளைத்தால் நாளைக்கு யார் என்னை மதிப்பார்கள்?

அச்சியா எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் அழுகையே இல்லாத குரலில் கேட்டாள்.

"ஹர்மட்டான் காத்து அடிக்குற மாசத்துல எந்தக் கூரைண்ணே ஒழுகும்?"

அந்தப் பாலைவனக் காற்று வீசும்போது இங்கே ஒரு துளி மழை இருக்காது, உதடெல்லாம் வெடிக்கும். ஆட்டை அறுக்கும்போதே நினைவுக்கு வந்திருக்க வேண்டியது. பீடத்தை எப்படிக் கொண்டுபோவது என்பதிலேயே கவனமாக இருந்துவிட்டேன்.

"பீடத்துக்குப் புகை ஆகாதுன்னு தூக்கிட்டு வந்துட்ட. அது ஏற்கெனவே புகையில கறுத்த கட்டை. எம் பொண்ணு வெந்தா."

அவள்தான் உங்களிடம் வந்திருக்கிறாள். தங்கை அண்ணனைக் காட்டிக்கொடுத்தது வருத்தம்தான். ஆனால் பெற்ற வயிறு, மன்னித்துவிட்டேன். நேற்று நீங்கள் என்னை அழைத்துவரும்போது, அந்தப் பள்ளிக்கூடத்தில் முற்றத்தைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஆய்வுக்கூடத்துத் தாளைப் பிராகோ முன்பே அவர்களிடம் கொடுத்திருக்க வேண்டும். கல்லைச் சுவரில் காணவில்லை. கூலிக்காரர்கள் எங்கேயாவது பத்திரமாக எடுத்து வைத்திருப்பார்கள். மறுபடி பதிக்கும்போது எழுத்துகளுக்குப் பொன்வண்ணம் பூசச் சொல்லுங்கள்.

ஆமாம், நான்தான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். எனக்காக ஒன்றே ஒன்று. பீடம் அச்சியாவின் உள்ளறையில் இருக்கிறது, ஒரு கீறல்கூட விழவில்லை. ஈரம் படாமல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுப் பெண்ணுக்குப் பிறக்கப்போகும் அடுத்த பிள்ளை வந்து அதைக் கேட்கும்போது, மாமன் காப்பாற்றிக் கொடுத்தான் என்று சொல்லி ஒப்படைக்க வேண்டும்.