கழுவி வைத்த ஆப்பு

காலையில் எழுந்ததும் பால் காய்ச்சுவேன். இரண்டு டம்ளர் எடுப்பேன். பிறகு ஒன்றைத் திரும்பக் கவிழ்த்து வைப்பேன். காபி குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி, கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவேன். இன்றும் அப்படித்தான் கிளம்பினேன். வாசலில் போலீஸ் ஜீப்போடு நீங்கள் நின்றிருந்தீர்கள்.

சொல்லிவிடுகிறேன் ஐயா. நீங்கள் தோண்டித் துருவ வேண்டியதில்லை.

கட்டடங்களுக்குக் குழி வெட்டுவதை மேற்பார்வை பார்ப்பது என் வேலை. ஆள் உயரத்தைத் தாண்டினால் இரு பக்கமும் பலகை நிறுத்தி, நடுவே குறுக்குக் கட்டை கொடுத்து, ஆப்பு வைத்து இறுக்குவோம். மண்ணைப் பிடித்திருப்பது அந்த ஆப்புதான். வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்காக நானே வெட்டிய குழியிலும் அப்படித்தான் செய்தேன். வேலையில் குறை வைப்பது எனக்குப் பிடிக்காது.

என் மனைவி நல்லவள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

"என்ன யோசிக்கிறீங்க?"

"ஒன்னுமில்ல."

"ஒன்னுமில்லாமயா மூஞ்சி இப்படி இருக்கு? சரியான ஊமைக்கோட்டான்."

அவள் தம்பி வந்தால் சேர்ந்துகொள்வான். "மாமா வாயிலேர்ந்து ஒரு வார்த்தை எடுக்கணும்னா கடப்பாரைதான்க்கா வேணும்."

"கடப்பாரையே வளைஞ்சு போச்சுடா."

நானும் சிரிப்பேன். உள்ளே உண்மையிலேயே ஒன்றும் இல்லை ஐயா. தோண்டிக்கொண்டே போனால் ஒருநாள் அது அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தபின் இருப்பாளா? அவள் விட்டுப் போன வீட்டில் தனியாக இருக்க என்னால் முடியாது. அதனால்தான்.

அன்று மத்தியானம் அளவு நாடா குழிக்குள் விழுந்துவிட்டது. எடுத்துத் தருகிறேன் என்று அவளே ஏணியில் இறங்கினாள். மேலே நின்று சுத்தியலால் ஆப்பைத் தட்டினேன். கழன்று கைக்கு வந்தது. மழையில் ஊறிய மண். மற்றதை அது பார்த்துக்கொண்டது.

கழற்றிய ஆப்பைக் கண்ட இடத்தில் போடுவது எங்களுக்குப் பழக்கமில்லை. கழுவிப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் அக்கம்பக்கத்து ஆட்களைக் கூப்பிட்டேன். மண் தானாகச் சரிந்திருந்தால் கட்டையோடு ஆப்பும் புதைந்திருக்கும். குழியில் ஆப்பு இல்லாததை நீங்கள் கவனித்ததில் எனக்கு வருத்தமில்லை.

கடைசியாக என்ன சொன்னாள் என்று அவள் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். "உங்களைத்தான் கூப்பிட்டா அத்தை" என்றேன். ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னது அது.

முதல் தட்டில் ஆப்பு அசையவில்லை. சத்தம் கேட்டு அவள் நிமிர்ந்து பார்த்தாள். வழக்கம்போல் கேட்கப் போகிறாள் என்று சுத்தியலை மறுபடி ஓங்கினேன்.

"நீங்க ஒன்னும் பேச வேணாம். சும்மா இப்படிப் பக்கத்துல நின்னாலே எனக்குப் போதும்" என்றாள்.